வரலாறு குரூப்

அக்கா,

இன்று காலை கொத்தவரங்காய் ஆய்ந்துகொண்டிருந்தேன். நுனியைக் கிள்ளி நாரை உரிக்கும்போது விரலில் ஒரு பச்சை வாசனை ஒட்டிக்கொள்ளுமே, சோப்புப் போட்டாலும் மதியம் வரை போகாதே, அது வந்தவுடன் நீங்களும் வந்துவிட்டீர்கள். எனக்கு இந்த வாசனை சமையலறையோடு சேர்ந்தது இல்லை. தாம்பரம் போகும் மாலை ரயிலின் பெண்கள் பெட்டியோடு சேர்ந்தது. கோட்டை நிலையத்தில் ஏறி உட்கார்ந்ததும் மடியில் செய்தித்தாளை விரித்து, வாங்கிவந்த காயைக் கொட்டுவீர்கள். தாம்பரம் வருவதற்குள் மறுநாள் பொரியலுக்குக் காய் தயாராகிவிடும். பக்கத்தில் உட்கார்ந்த பாவத்துக்கு அதில் எனக்கும் ஒரு பங்கு வேலை உண்டு.

நமக்குள் சொந்தம் கிடையாது, ஒரே அலுவலகமும் கிடையாது. ஒரே ரயில், அவ்வளவுதான். நீங்கள் இறங்கி பீர்க்கன்கரணைக்கு பஸ் பிடிப்பீர்கள். நான் நடந்தே கிழக்குத் தாம்பரத்தில் என் அம்மா இருந்த வீட்டுக்குப் போவேன். என்னைவிடப் பத்து வயது பெரியவர் என்பதால் முதல் நாளே என்னை ‘நீ’ என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டீர்கள். எனக்கு அது பிடித்திருந்தது. கல்யாணமாகாத முப்பது வயதுப் பெண்ணை அப்போது எல்லோரும் ஒன்று அதிக மரியாதையாகவோ, இல்லை அதிக பரிதாபமாகவோதான் நடத்தினார்கள்.

எண்பதுகளின் கடைசியில் உங்கள் மகள் சுமதி பத்தாவது எழுதினாள். அவள் நாடகம் எழுதுகிற பெண். உங்கள் மொட்டை மாடியில் படுக்கை விரிப்பைக் கட்டித் திரையாக்கி, தெருப் பிள்ளைகளை ஆட்டி வைத்து, அவள் போட்ட ஒரு நாடகத்தை நானும் பார்த்திருக்கிறேன். தண்ணீர் லாரி வராத ஒரு நாளைப் பற்றியது. வரிசையில் குடத்தைப் போட்டுவிட்டு ஊர்க்கதை பேசப் போகும் உங்கள் எதிர்வீட்டு அம்மாவை அப்படியே மேடையில் இறக்கிவிட்டாள். அந்த அம்மா அதன் பிறகு பல நாட்கள் உங்களோடு பேசவில்லை. அதைக்கூட நீங்கள் பெருமையாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தீர்கள்.

பதினோராம் வகுப்பில் எந்த குரூப் என்று பேச்சு வந்ததும் உங்கள் வீடு இரண்டுபட்டது. தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருந்த உங்கள் கணவருக்குக் கணக்கு குரூப்தான். அதைத் தாண்டினால் எஞ்சினியர் ஆகிவிடலாம். நீங்கள் வரலாறு குரூப் என்றீர்கள். நாடகம் எழுதுகிறவளுக்கு ராஜாவும் போரும் புரட்சியும் தெரிய வேண்டாமா, பார்முலாவை வைத்து என்ன செய்வாள் என்பது உங்கள் வாதம். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பி.யு.சி. முடித்த கையோடு உங்கள் அப்பா உங்களை டைப்ரைட்டிங் வகுப்பில் சேர்த்துவிட்டதையும், பி.ஏ. வரலாறு படிக்க நீங்கள் பட்ட ஆசையையும் அந்தப் பெட்டியில் கேட்காதவர்கள் யாரும் இல்லை.

பெட்டியே இரண்டு கட்சியாகிவிட்டது. “முதல்ல ஷார்ட்ஹேண்ட் பாஸ் பண்ணட்டும், அப்புறம் எந்த குரூப்பா இருந்தா என்ன?” என்றார் குரோம்பேட்டையில் இறங்கும் அம்மா. “என் தங்கை பொண்ணு ஹிஸ்டரி படிச்சுட்டு வீட்லதான் உக்காந்திருக்கா” என்று இன்னொருத்தர் பயமுறுத்தினார். தாம்பரம் மேம்பாலப் படியடியில் பூ விற்கும் அம்மாவுக்குக்கூட விஷயம் தெரிந்துவிட்டது. “இன்னாம்மா, உம் பொண்ணு பஞ்சாயத்து இன்னும் ஓடிகினு கீதா?” என்று முழம் போட்டபடியே கேட்பார். நீங்கள் சிரிக்க மாட்டீர்கள். எனக்குச் சிரிப்பு வரும்.

நான் எந்தக் கட்சியிலும் சேரவில்லை. பிள்ளை பெறாதவளுக்கு இதில் என்ன அபிப்பிராயம் என்று யாராவது கேட்டுவிடுவார்கள் என்ற ஜாக்கிரதை.

ஒருநாள் ஜெயித்துவிட்டு வந்தீர்கள். “எக்கேடோ கெட்டுப் போங்கன்னு சொல்லிட்டார்டி” என்றீர்கள், ஏதோ மாலை போட்டு வாழ்த்தியதுபோல. பெட்டியில் எல்லோருக்கும் மைசூர்பாகு கிடைத்தது. மறுநாள் மாலை காய்ப் பையே இல்லாமல் ஏறினீர்கள். முகம் வீங்கியிருந்தது.

“சுமதி கணக்கு குரூப்புதான் வேணுங்கறா. அவங்க அப்பாவுக்குப் பயந்துக்கிட்டு சொல்றா. எங்கிட்ட வாயத் தொறக்க மாட்டேங்கறா. நீ ஒரு தடவை வந்து பேசேன். உங்கிட்ட சொல்லுவா.”

ஞாயிற்றுக்கிழமை வந்தேன். சுமதி என்னை ஏரிக்கரைக்கு அழைத்துக்கொண்டு போனாள். அந்தக் கோடையில் ஏரி பாதிக்கு மேல் வற்றியிருந்தது. சேற்றில் எருமைகள் கிடந்தன. நான் சுற்றி வளைக்காமல் கேட்டேன், அப்பாவுக்குப் பயமா என்று.

“பயமெல்லாம் இல்ல ஆன்ட்டி. எனக்குக் கணக்கு புடிச்சிருக்கு. விடை வந்துச்சுன்னா வந்துச்சுதான். அதுல யாரும் அபிப்பிராயம் சொல்ல முடியாது.”

“அப்போ நாடகம்?”

“அது பாட்டுக்கு இருக்கும். அதுக்கும் ஸ்கூல்ல மார்க்கு போட ஆரம்பிச்சா எனக்கு வெறுத்துப் போயிடும்.”

“அம்மா ரொம்ப ஆசைப்படறாங்களே.”

அவள் செருப்பால் மண்ணைக் கீறிக்கொண்டிருந்தாள். பிறகு தலையை நிமிர்த்திச் சொன்னாள்: “ஹிஸ்டரி எனக்கு வேணும்னு நான் எப்ப ஆன்ட்டி சொன்னேன்? அம்மாவுக்குத்தான் வேணும். வேணும்னா அம்மா படிக்கட்டும்.”

அதில் கோபம்கூட இல்லை. கணக்கில் விடை சொல்வதுபோலத்தான் சொன்னாள். இதை உங்களிடம் எப்படிச் சொல்வது என்று வீட்டுக்குப் போய் யோசித்தேன். பூசி மெழுகிச் சொல்லலாம். ஆனால் பூசி மெழுகினால் நீங்கள் மறுபடி சண்டைக்குப் போவீர்கள், அந்தப் பெண் வாயை மூடிக்கொண்டு நீங்கள் சொன்ன குரூப்பில் போய் உட்காருவாள் என்று தோன்றியது. திங்கட்கிழமை மாலை அவள் சொன்னதை அப்படியே சொன்னேன்.

சைதாப்பேட்டை தாண்டியிருந்தது. உங்கள் விரல்கள் நின்றன. அவரைக்காய் மடியிலேயே கிடந்தது. “அப்படியா சொன்னா?” என்று மட்டும் கேட்டீர்கள். பல்லாவரத்தில் செய்தித்தாளைக் காயோடு சுருட்டிப் பைக்குள் வைத்தீர்கள். அடுத்த நாளிலிருந்து வேறு பெட்டி. நல்லது செய்யப் போய் இருந்த ஒரே சிநேகிதத்தையும் கெடுத்துக்கொண்டேனே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது, உங்கள் மேல் பாதி, என் மேல் பாதி.

சுமதி கணக்கு குரூப்பில் சேர்ந்தாள். நீங்களே பள்ளிக்குக் கூட்டிப்போய்ச் சேர்த்தது எனக்குப் பிறகுதான் தெரியவந்தது.

பள்ளிகள் திறந்த பிறகு ஒரு மாலை, என் பக்கத்து இடத்தில் கைப்பை ஒன்று வந்து விழுந்தது. பார்த்தால் நீங்கள். ஏதோ நேற்றுதான் பேசிவிட்டுப் போனவர்போல உட்கார்ந்து, செய்தித்தாளை என் மடியில் விரித்தீர்கள். என் மடியில்! காயைக் கொட்டினீர்கள். “இனிமே இது உன் வேலை. நான் அஞ்சல் வழியில பி.ஏ. ஹிஸ்டரி சேந்துட்டேன். எனக்குப் படிக்கணும்.”

மூன்று வருடங்கள் உங்கள் வீட்டுக் காயை நான்தான் நறுக்கினேன். நீங்கள் பக்கத்தில் கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு பானிபட்டில் இருந்தீர்கள். மாம்பலத்துக் கூட்டம் முண்டியடித்து ஏறும்போதும் தலை நிமிராது. ஆங்கிலத் தாளில் ஒருமுறை தோற்றுவிட்டு, “என்னத்த கேள்வி கேக்கறான், கேள்வி கேக்கறதுக்கே ஒரு படிப்பு வேணும்போல” என்று திட்டினீர்கள். பொதுவாக வீட்டில் பாடம் ஒப்பிப்பது பிள்ளைகள். உங்கள் வீட்டில் சுமதி புத்தகத்தைப் பிடித்துக்கொள்ள நீங்கள் ஒப்பித்தீர்கள். பாஸ் செய்தீர்கள். அலுவலகத்தில் அதனால் ஒரு நாற்காலிகூட நகரவில்லை. உங்களுக்கு அதைப் பற்றிக் கவலை இருந்ததாகவும் தெரியவில்லை.

சுமதி இப்போது கூடுவாஞ்சேரியில் கணக்கு டீச்சர். இன்னமும் நாடகம் எழுதுகிறாள். அதற்கு யாரும் மார்க் போடுவதில்லை.

தொண்ணூறுகளின் முடிவில், நீங்கள் படுக்கையை விட்டு எழ முடியாமல் கிடந்தபோது, பார்க்க வந்தேன். பேச்சு எப்படியோ பழைய ஏரிக்கரைக்குப் போனது. “அன்னிக்கு அவ சொன்னது சுருக்குன்னு இருந்துச்சுடி. ஆனா சொல்லலன்னா நான் படிச்சிருப்பேனா?” என்றீர்கள். அப்புறம் என்னையே கொஞ்ச நேரம் பார்த்தீர்கள். “உனக்கு அப்படி ஒண்ணு சொல்றதுக்கு வீட்டுல ஒரு ஆள் இல்லாமப் போச்சு.”

நான் சிரித்து, பேச்சை மாற்றி, ஹார்லிக்ஸ் கலக்கப் போய்விட்டேன். உள்ளுக்குள் வலித்தது அக்கா. உங்களிடம் காட்டிக்கொள்ளவில்லை. அதுதான் நாம் கடைசியாகப் பேசியது.

பணி ஓய்வு பெற்ற மறுவாரம் வீட்டில் தனியாக உட்கார்ந்து, எனக்கு என்னதான் படிக்க ஆசை இருந்தது என்று யோசித்துப் பார்த்தேன். வேலை கிடைத்தது, சேர்ந்தேன். அம்மா இருந்தாள், பார்த்துக்கொண்டேன். அதற்கு முன்னால் ஏதோ ஒன்று இருந்திருக்க வேண்டும். இன்றும் அடிக்கடி யோசிக்கிறேன்; பிடிபடவில்லை. அத்தனை வருட ரயில் பேச்சில் நான் அதை எப்போதாவது வாய்விட்டுச் சொல்லியிருப்பேன். நான் மறந்துவிட்டேன். உங்களுக்குத் தெரிந்திருக்கும்.