அம்மாவின் படம் கேட்டிருந்தாய்

கல்கத்தா, மாசி மாதம்

செல்ல மகள் நீரஜாவுக்கு பாபா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் வயிற்றுப் பிள்ளையும் சுகம்தானே. இங்கே நாங்கள் மூன்று பேரும் நலம் என்று எழுத வந்தேன், மூன்று என்றதுமே கை நின்றுவிட்டது. நான், உன் தம்பி நகேன், உன் அத்தை கீரோதா, இனி அவ்வளவுதான். அத்தை கைம்பெண் சமையல்தான் சமைக்கிறாள், மீன் இல்லாமல் நகேனுக்குச் சோறு இறங்கவில்லை, முற்றத்தில் தனி அடுப்பு மூட்டித் தானே கெண்டை வறுக்கிறேன் என்று கரிக்கட்டையாக்கி வைத்தான், உன் அம்மா இருந்திருந்தால் வயிறு வலிக்கச் சிரித்திருப்பாள். கடைசியில் முகம் பார்க்க வர முடியவில்லையே என்று அழுது அழுது எழுதியிருக்கிறாய். ஏழு மாதக் கர்ப்பிணியை ரங்கூனிலிருந்து யார் கப்பலேற விடுவார்கள் அம்மா, மாப்பிள்ளை தடுத்தது சரிதான், அவரிடம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே.

அம்மாவின் படம் ஒன்று கேட்டிருந்தாய். என்னத்தைச் சொல்வேன், வீட்டில் ஒன்றுகூட இல்லை. கேமராவை அவள் பக்கம் திருப்பினாலே "அய்யோ, பருப்பு அடிப்பிடிக்குது" என்று எழுந்து ஓடுவாளே, அங்கங்கே புகை மாதிரி ஒரு சேலைத் தலைப்புதான் விழுந்திருக்கிறது. அத்தை என்னைப் பிடித்து உலுக்கிவிட்டாள். "பிள்ளைங்க பத்திரிகையில நரிக்குப் படம் போட்டே, நண்டுக்குப் போட்டே, ராட்சசனுக்குப் பல்லு எண்ணிப் போட்டே, கூட வாழ்ந்தவளுக்கு ஒரு மூஞ்சி வரையத் தெரியலையாடா உனக்கு" என்றாள். உட்கார்ந்து வரைந்தேன் அம்மா. மூக்கு வந்தது, கண் வந்தது, யாரோ ஒருத்தி வந்தாள், அவள் வரவில்லை. கிழித்துப் போட்டேன். கதையும் ஓடவில்லை, இந்த மாத இதழில் நரி பாதிக் கிணற்றில் தொங்குகிறது, பிள்ளைகள் அப்புறம் என்னாச்சு என்று எழுதிக் கேட்கிறார்கள், தொங்கட்டும்.

அவளுடையது என்று இருப்பது ஒன்றுதான். அவளை எடுத்துப் போகுமுன் அத்தை அவள் காலில் செம்பஞ்சுக் குழம்பு தடவி வெள்ளைத் தாளில் ஒத்தி எடுத்தாள், எல்லா வீட்டிலும் செய்வதுதானே. அதை உனக்கு அனுப்பலாம் என்றால் நகேன் விடமாட்டேன் என்றான், அவனும் அவள் பிள்ளைதானே, எனக்கும் மனசு வரவில்லை. நம் அச்சுத் தொழில் பின்னே எதற்கு இருக்கிறது என்று அதைப் படம் பிடித்து, அச்சடிக்கத் தகட்டில் பிளாக் செய்தேன். மையைக் கலந்து கலந்து அந்தச் சிவப்பைப் பிடித்தேன். குதிகால் வெடிப்பு, தாளில் பாதிதான் பட்ட சுண்டுவிரல், எல்லாம் வந்தது. இதைவிட நல்ல பிளாக் நான் செய்ததில்லை, பெருமைக்குச் சொல்லவில்லை. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் நகேனுக்கே அடையாளம் தெரியவில்லை. "ரெண்டும் ஒண்ணுதானே பாபா, அச்சடிச்சதை அக்காவுக்கு அனுப்பிடுங்க" என்றான். அவன்மேல் தப்பில்லை, அசலுக்கும் அச்சுக்கும் வித்தியாசம் தெரியக்கூடாது என்று சின்ன வயசிலிருந்து அவனுக்கு ஓதினவன் நான்தானே. பொட்டலம் கட்டியும்விட்டேன். அப்புறம் தாங்கவில்லை, பிரித்தேன். நகேன் அந்தக் காலைக் கட்டிக்கொண்டு அழுதான், உனக்கு அதுகூடக் கொடுத்துவைக்கவில்லை. அச்சடித்த தாள் என் மையைத் தொட்டது, இந்தத் தாள் அவள் காலைத் தொட்டது. அவனிடம் இதைத்தான் சொன்னேன். பொட்டலம் கட்ட நூலை எடுத்து நீட்டினான்.

ஆகவே அசலைத்தான் மெழுகுத்துணியில் சுற்றி அனுப்பியிருக்கிறேன். கண்ணாடி போட்டு மாட்டிவிடாதே, கை வைத்துப் பார், உன் கைக்குத்தான் அனுப்புகிறேன். கனம் தூக்காதே, வேளைக்குச் சாப்பிடு, மாப்பிள்ளைக்கு என் ஆசிகள். தாயும் பிள்ளையும் இரண்டு உயிராகப் பிரிந்து நூறாண்டு இருங்கள். மறக்குமுன் ஒன்று சொல்லிவிடுகிறேன், வலது கட்டைவிரல் பக்கம் சிவப்பு கொஞ்சம் கலைந்திருக்கும். கப்பல்காரனைத் திட்டாதே, ஈரம் பட்டது இங்கேதான்.

உன் பாபா