மேஜர் வைரத்துக்கு டாக்டர் தேள்

ஜனவரி 9

அன்புள்ள மேஜருக்கு,

தேள் எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சௌக்கியம். உன் சௌக்கியத்தைப் போனில் கேட்கலாம் என்றால் அது மணியடித்தே ஓய்ந்துபோகிறது. உன் தங்கச்சியைப் பிடித்துத்தான் விலாசம் வாங்கினேன். "அண்ணன் எங்க வீட்டு மாடியிலதான் இருக்கார். நீங்க எழுதிப் போடுங்க" என்றாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை. அவள் வாயைக் கிளற என்னாலேயே முடியவில்லை என்றால் பார்த்துக்கொள்.

விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் கடையில் கயிறு எடை போட்டுக்கொண்டிருந்தபோது ஒரு கண் டாக்டர் வந்தார். தார்ப்பாய் வாங்க வந்தவர் என்று நினைத்து நாலு ரகம் விரித்துக் காட்டினேன். மனுஷன் தார்ப்பாயைப் பார்க்கவே இல்லை. என் மூஞ்சியையே பார்த்துக்கொண்டு நின்றார். "சார், நீங்க டாக்டர் தேள்தானே?" என்றார். நாற்பது வருஷம் கழித்து, டேய்! பழைய வில்லன் சிரிப்பு ஒன்றை எடுத்துவிட்டேன். கையைத் தட்டினார்.

அவர்கள் ஒரு கூட்டமாக இருக்கிறார்களாம். பஸ் டிரைவர், வக்கீல், ஒரு பள்ளிக்கூட ஹெட்மாஸ்டரம்மா. எல்லோரும் சின்ன வயசில் 'மேஜர் வைரம்' நாவல்களைப் பாடப்புத்தகத்துக்குள் ஒளித்துப் படித்தவர்கள். அவற்றில் சிலவற்றை மறுபடி அச்சுப் போடுகிறார்கள். ஏப்ரலில் விழா. அட்டைப்படத்துக்கு நின்ற நாம் இரண்டு பேரும் மேடைக்கு வர வேண்டுமாம். "மேஜர் வருவாரா சார்?" என்று கேட்டபோது அந்த டாக்டரின் குரல் சின்னப் பையன் குரலாகிவிட்டது. நான் வாக்குக் கொடுத்துவிட்டேன்.

பெயிண்டர் அண்ணன் அறை நினைவிருக்கிறதா? அச்சகத்துக்கு மேலே, மை நாற்றம் அடிக்குமே. மேஜைதான் மலை உச்சி. நீ ஜன்னல் கம்பியைப் பிடித்துத் தொங்குவாய். நான் போர்வையைப் போர்த்திக்கொண்டு துடைப்பக்கட்டையை நீட்டுவேன். "தேளு, பல்லைக் காட்டாதே. கண்ணுல கொலை வரணும்" என்பார். உனக்கு ஒரே உத்தரவுதான்: "மேஜர், இடது பக்கம் திரும்பு." கூலி, ஆளுக்கு ஒரு புத்தகம். மை காய்வதற்குள் படிக்கட்டில் உட்கார்ந்து முடித்துவிடுவோம். மாதா மாதம் கடைசிப் பக்கத்தில் நான் சாவேன். முதலை விழுங்கும், ரயில் ஏறும், நீர்மூழ்கி வெடிக்கும். அடுத்த மாதம் முழு ஆளாக வந்து நிற்பேன். என் கடை இரண்டு தடவை மூழ்கியது உனக்குத் தெரியும். இரண்டு தடவையும் நான் நினைத்துக்கொண்டது அதைத்தான்.

சாக்குச் சொல்லாமல் கிளம்பி வா.

உன்
தேள்

---

ஜனவரி 20

அன்புள்ள தேளுக்கு,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். கையெழுத்து இன்னும் மூட்டையில் போடுகிற எழுத்து மாதிரிதான் இருக்கிறது.

அந்த நீர்மூழ்கி எனக்கும் நினைவிருக்கிறது. ஏரிக்குள் நீர்மூழ்கி எப்படி வரும் என்று நீ பெயிண்டர் அண்ணனோடு சண்டைக்குப் போனாய். "எழுதினவனைப் போய்க் கேளு. எனக்கு வரையத்தான் தெரியும்" என்றார். எழுதினவர் யார் என்று நமக்குக் கடைசிவரை தெரியவே இல்லை.

எனக்குக் கதையைவிடப் பிடித்தது, கதை முடிந்த பிறகு வரும் அந்த அரைப்பக்கம். அடுத்த மாதத் தலைப்பு மட்டும் பெரிய எழுத்தில் இருக்குமே. அதை வைத்துக்கொண்டு நாமே ஒரு மாதம் கதை கட்டிக்கொண்டு திரிவோம். நீ கட்டுகிற கதையில் தேள் பிழைத்துக்கொள்ளும்.

விழாவுக்கு என்னால் வர முடியாது. முழங்கால் சொன்னபடி கேட்பதில்லை. பஸ்ஸில் ஏறினால் வயிற்றைப் புரட்டுகிறது. அந்தச் சமயத்தில் தங்கச்சி வீட்டுக்காரரும் ஊரில் இருக்க மாட்டார். நீ போய் இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசிவிட்டு வா. பேச்சுதானே உன் பிழைப்பு.

வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

உன்
மேஜர்

---

பிப்ரவரி 6

மேஜருக்கு,

முழங்காலுக்கு என் கார் உன் வாசலில் வந்து நிற்கும். வயிற்றுக்கு முன் சீட். தங்கச்சி வீட்டுக்காரர் ஊரில் இல்லையென்றால் வீட்டை யாராவது தூக்கிக்கொண்டு போய்விடுவார்களா? ஒரு காரணம் சொல்கிறவனை நான் நம்பிவிடுவேன். மூன்று காரணம் சொல்கிறவன் நாலாவதை ஒளிக்கிறான். முப்பது வருஷம் கல்லாவில் உட்கார்ந்து கற்றது இது ஒன்றுதான்.

உன்னைக் கிளப்ப ஒரு வேலை செய்திருக்கிறேன். 'ஏரிக்கடியில் எமன்' அட்டையை அந்த டாக்டரிடம் வாங்கிப் பெரிதாக்கினேன். கடையில் இருப்பதிலேயே கனமான தார்ப்பாயை எடுத்து, அதில் அச்சடித்து, குடோன் முகப்பில் கட்டிவிட்டேன். உன் முகம் மட்டும் ஒரு லாரி உயரம். நான் கீழ் மூலையில் பூச்சி மாதிரி இருக்கிறேன். சரக்கு ஏற்ற வந்த டிரைவர்கள் எல்லாம் நின்று பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

"யாரு முதலாளி, சினிமா நடிகரா?"

"என் சிநேகிதன்டா."

"சும்மா சொல்லாதீங்க!"

என் வீட்டுக்காரி பார்த்துவிட்டு, "அண்ணன் என்ன அழகு! இவர் பக்கத்துல போய் நின்னீங்களே, உங்களுக்கு வெட்கமாவே இல்லையா?" என்கிறாள்.

இந்தக் கவரிலேயே போட்டோ வைத்திருக்கிறேன். பார்த்துவிட்டுச் சட்டைக்கு இஸ்திரி போடு.

தேள்

---

பிப்ரவரி 13

தேளுக்கு,

அதை இறக்கு. இந்தக் கடிதம் கைக்கு வந்த உடனே இறக்கு.

நாலாவது காரணம் கேட்டாய், சொல்கிறேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு காலையில் சவரம் செய்துகொண்டிருந்தேன். சோப்பு நுரை இடது கண்ணுக்குள் போய்விட்டது. கண்ணை மூடுகிறேன், மூடவில்லை. கண்ணாடியைப் பார்த்தால் முகத்தின் இடது பாதி கீழே இறங்கியிருந்தது. முகவாதம் என்றார்கள். நிறையப் பேருக்குச் சில மாதத்தில் சரியாகிவிடுமாம். எனக்கு ஆகவில்லை. பேச்சும் குழைகிறது. போனை எடுக்காதது அதனால்தான்.

ஹோட்டல் வரவேற்பில் எனக்குச் சம்பளம் கொடுத்தது சிரிப்பதற்குத்தான் என்று உனக்கே தெரியும். மேனேஜர் நல்லவர். "கொஞ்ச நாள் உள்ளே லாண்டரியைப் பாத்துக்கோங்க சார், உங்களுக்கும் வசதியா இருக்கும்" என்றார். அந்த 'உங்களுக்கும்' என்னைத் தூங்கவிடவில்லை. போர்வைகளையும் தலையணை உறைகளையும் எண்ணிக்கொண்டு சில மாதம் இருந்தேன். பிறகு வேலையை விட்டுவிட்டு இங்கே வந்துவிட்டேன்.

அந்த டாக்டருக்கு இது தெரிய வேண்டாம். உன் வீட்டிலும் சொல்லாதே. யார் கேட்டாலும் மேஜர் பழையபடி நன்றாக இருக்கிறார் என்றே சொல். அவர்களிடம் இருக்கிற மேஜராவது இருந்துவிட்டுப் போகட்டும்.

உன் சிநேகிதன்

---

பிப்ரவரி 20

அன்புள்ள மேஜருக்கு,

இறக்கிவிட்டேன். கேட்டவர்களிடம் காற்றில் கிழிந்துவிட்டது என்றேன். வீட்டுக்காரியிடமும் அதே கதைதான். உனக்குக் கொடுத்த வாக்கு என்னோடு இருக்கும்.

எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. ஆறுதல் சொல்ல வேண்டிய வீட்டுக்குப் போனால் நாற்காலி போதுமா, பந்தலுக்குத் தார்ப்பாய் வேண்டுமா என்றுதான் கேட்பேன். அதனால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

என் கல்யாணப் பேச்சு நடந்தபோது, என் மைத்துனன் கையில் இருந்த புத்தகத்தை மாமியார் பார்த்துவிட்டார். "இந்த ஆளுக்கா நம்ம பொண்ணு?" என்று ஒரே கூச்சல். "அம்மா, அதெல்லாம் வேஷம்மா. அவர் நிஜத்துல கயிறு விக்கிறவர்" என்றானாம் மைத்துனன். "கயிறு வேற விக்கிறானா!" என்றாராம் அந்த அம்மாள். இன்றைக்கும் வீட்டில் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். அன்றைக்கு நான் சிரிக்கவில்லை.

இந்த மூஞ்சியைப் பார்த்து ஒருத்தனும் முதல் தடவையே என்னை நம்பியதில்லை. சரக்கைப் பார்த்து இரண்டாம் தடவை வந்தார்கள். உனக்கு அந்தக் கஷ்டம் கிடையாது. நீ கதவைத் திறந்தாலே எதிரில் இருக்கிறவன் சிரித்துவிடுவான். இப்போது உன் முதல் போய்விட்டது. இல்லை என்று சொல்ல மாட்டேன், போய்விட்டதுதான். முதல் போனவன் ஒன்று கடையை இழுத்து மூடுவான். இல்லாவிட்டால் கையில் இருப்பதை வைத்து மறுபடி உட்காருவான். எனக்கு உட்காரத்தான் தெரியும்.

மேடைக்கு வராதே. சும்மா என் வீட்டுக்கு வா. இல்லை, நான் வரட்டுமா? கோபம் வந்தால் திட்டியாவது எழுது.

உன்
தேள்

---

ஏப்ரல் 17

தேளுக்கு,

இத்தனை நாள் பதில் போடாததற்கு மன்னித்துக்கொள். விழாவுக்கு நான் வந்திருந்தேன். கடைசி வரிசை, தூணுக்குப் பக்கத்தில். முகத்தை எதனாலும் மறைத்துக்கொள்ளவில்லை. கையில் இருப்பதை வைத்து உட்காரச் சொன்னாயே, உட்கார்ந்து பார்க்கலாம் என்றுதான் வந்தேன். முடிந்ததும் உன் முன்னால் போய் நிற்க வேண்டும் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தேன்.

நீ தேள் சிரிப்புச் சிரித்தாய். முன் வரிசையில் ஒரு குழந்தை வீறிட்டது. மண்டபமே கைதட்டியது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்தில் யாரும் என்னைப் பார்க்கவில்லை என்று தெரிந்துகொண்டு நன்றாகவே சிரித்தேன். பிறகு அந்த ஹெட்மாஸ்டரம்மா எழுந்து, "மேஜர் இப்ப எப்படி இருக்கார் சார்?" என்று கேட்டார்கள். நீ ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை.

"அப்படியேதாம்மா இருக்கார். அட்டையில பாக்கறீங்களே, அதே முகம். வயசு அவர்கிட்ட போகவே பயப்படுது. வெளியூர்ல வேலை, அதான் வர முடியல."

எல்லோருக்கும் எவ்வளவு சந்தோஷம்! நான் சொல்லச் சொன்னதைத்தான் நீ சொன்னாய். உன்மேல் குறை சொல்ல வழியில்லை. ஆனால் அதற்கப்புறம் அந்த மண்டபத்தில் எனக்கு உட்கார இடமில்லாத மாதிரி இருந்தது.

இருந்தாலும் கையெழுத்து வரிசையில் நின்றேன். என் முறை வந்தது. நீ நிமிர்ந்து என்னை நேராகப் பார்த்தாய்.

"பேர் என்ன போடணும் சார்?"

"பேர் வேண்டாம்."

"சரி சார். உடம்பைப் பாத்துக்கோங்க."

'அன்புடன் டாக்டர் தேள்' என்று போட்டுக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைப் பார்த்தாய்.

புத்தகம் இங்கே மேஜைமேல் இருக்கிறது. அச்சு சுத்தமாக இருக்கிறது. மை விரலில் ஒட்டவே இல்லை.

இனி எழுத வேண்டாம். கோபத்தில் சொல்லவில்லை.

---

ஏப்ரல் 22

மேஜருக்கு,

எழுதாதே என்றால் எழுதாமல் இருக்கிற ஆளா நான்?

உன்னைத் தெரிந்துகொண்டேதான் தெரியாத மாதிரி இருந்தேன், நீ விரும்பவில்லை என்பதால் விட்டுவிட்டேன் என்று எழுதிப் பார்த்தேன். நன்றாகவே வந்தது. நீயும் நம்பியிருப்பாய். எத்தனை பேரை நம்ப வைத்தவன் நான்! கிழித்துப் போட்டுவிட்டேன்.

எனக்கு உன்னை அடையாளம் தெரியவில்லை. முகம் கோணின ஒருத்தர் வந்தார், பாவம் என்று நினைத்தேன், உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். அவ்வளவுதான். நீ எழுதியதெல்லாம் படித்திருந்தும் எனக்குத் தோன்றவில்லை. இதில் கொடுமை என்னவென்றால், அன்றைக்கு முழுக்க நான் உன்னைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். இவன் ரோஷக்காரன், சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்பான் என்று ஒவ்வொரு தலையாகப் பார்த்தேன். ஆனால் நான் தேடியது தார்ப்பாயில் அச்சடித்திருந்த முகத்தை.

மேடையில் சொன்னதும் அப்படித்தான். பொய் சொல்கிறோம் என்று நினைத்துச் சொல்லவில்லை. நாக்கு தானாகச் சொன்னது. என் மனசுக்குள் நீ அப்படியேதான் தொங்கிக்கொண்டிருந்தாய், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு. நாற்பது வருஷமாக உன்னை இறங்கவே விடவில்லை போலிருக்கிறது.

புது ரகக் கயிறு வந்தால் நான் மேலே ஒட்டியிருக்கிற சீட்டைப் பார்த்து வாங்குவதில்லை. முறுக்கைப் பிரித்து, இழுத்து, கையில் சுற்றிப் பார்ப்பேன். அதற்குப் பிறகு கண்ணைக் கட்டிவிட்டுக் கொடுத்தாலும் சொல்லிவிடுவேன். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், தனியாக. எதிரே உட்கார்ந்து உன்னைப் பார்க்க வேண்டும், வேறு வேலை இல்லை. கூச்சமாக இருந்தால் நீயும் என்னைப் பார். எனக்குப் பாதிப் பல் கட்டினது, தலையில் இருப்பதை எண்ணிவிடலாம். நீ கதவைத் திறக்கவில்லை என்றால் உன் தங்கச்சி வீட்டு வாசலில் சாயந்திரம்வரை உட்கார்ந்திருப்பேன். தெருவே பயப்படும், சொல்லிவிட்டேன்.

உன்
தேள்

---

ஏப்ரல் 25

அன்புள்ள தேளுக்கு,

ஞாயிறு மதியம் தங்கச்சி வீட்டில் எல்லோரும் வெளியே போகிறார்கள். அதற்குப் பிறகு வா. மாடிப்படி வீட்டுக்குப் பக்கவாட்டில் இருக்கிறது. நடுவில் ஒரு படி ஆடும், கைப்பிடியை விடாதே. கதவு சாத்தியிருக்கும், தாழ்ப்பாள் போட்டிருக்க மாட்டேன்.

நீ கட்டிலில் உட்கார்ந்துகொள். நான் ஜன்னலைப் பார்த்து உட்காருகிறேன். அங்கேதான் வெளிச்சம் நன்றாக விழும்.

காபி நான் போடுவேன். குடிக்கும்போது இடது ஓரத்தில் வழியும். வழிவது எனக்குத் தெரியாது. தங்கச்சி பார்த்தால் சட்டென்று வேறு பக்கம் திரும்பிக்கொள்வாள். நீ திரும்பாதே. மேஜைமேல் துண்டு வைத்திருப்பேன். "டேய், வழியுது" என்று சொல்லி எடுத்துக் கொடு.

உன்
மேஜர்