நீ எனக்குக் காட்டாத லீவர்

இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவியும் கையில் பெட்ரோல் வாடை போகவில்லை. வலது முழங்காலுக்குக் கீழே வீங்கிக் கிடக்கிறது. மகள் ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றிக் கொடுத்துவிட்டு, நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிறாள். எனக்கு எழுத்து வராது என்பது உனக்குத் தெரிந்ததுதான். கெட்ட வார்த்தைகளை எழுத மாட்டேன் என்கிறாள். அதனால் நான் சொல்ல நினைத்ததில் பாதிதான் உனக்கு வந்து சேரும்.

உன் மேல் எனக்கு அவ்வளவு ஆத்திரம்.

நீ கண்ணை மூடிய நாளிலிருந்து துரை தோ பாயோவில் உங்கள் புளோக்குக்குக் கீழே கார்பார்க்கில் துணியைப் போர்த்திக்கொண்டு நிற்கிறது. "துரை யாருப்பா?" என்று மகள் பேனாவை நிறுத்திவிட்டுக் கேட்கிறாள். மோட்டார் சைக்கிள் என்று சொன்னேன். இங்கிலாந்து வண்டி, ஒற்றை சிலிண்டர், நாம் சொன்ன பேச்சை ஒரு நாளும் கேட்டதில்லை, வேறு என்ன பெயர் வைக்க முடியும்?

பெர்த்தில் இருக்கும் உன் மகன் வண்டியை விற்றுவிடச் சொல்லிவிட்டான். போன வாரம் உன் வீட்டுக்காரி ஜமீலா எனக்குப் போன் செய்தாள்.

"அண்ணே, ரெண்டு பேரு கேக்குறாங்க. ஒருத்தரு ஜாலான் புசார்ல புதுசா கோப்பிக் கடை தொறக்குறாரு. கண்ணாடிக்குப் பின்னால நிறுத்தி வைக்கணுமாம். ஓடலன்னாலும் பரவாயில்லையாம். இன்னொருத்தரு திருச்சிக்காரரு, இங்க சிங்கப்பூர்ல இன்ஜினியரு. ஓட்டுறதுக்குக் கேக்குறாரு. ஆனா இன்ஜின் சத்தத்தக் காதால கேட்டாத்தான் எடுப்பாராம்."

"நீ என்ன நெனைக்கிற தங்கச்சி?"

"வர்றவன் போறவன் பக்கத்துல நின்னு படம் புடிக்கிறதுக்கா இவரு அத்தன வருஷம் பாடுபட்டாரு? ஞாயித்துக்கெழம வந்து ஸ்டார்ட் பண்ணிக் கொடுங்கண்ணே. உங்களுக்குத் தெரியாததா?"

எனக்குத் தெரியாது என்று எந்த வாயால் சொல்வேன்? ஞாயிறு தவறாமல் அந்த வண்டியை உதைத்தவன் நான். உங்கள் புளோக்கில் எல்லாரும் பார்த்திருக்கிறார்கள்.

புக்கிட் தீமாவில் ஒரு பழைய பங்களாவின் பின்கட்டில் அது துண்டு துண்டாகக் கிடந்ததும், என் லாரியில் ஏற்றி உன் இரும்புச் சாமான் கடைக்குப் பின்னால் இறக்கியதும் நினைவுக்கு வருகிறது. பிஸ்டன் துருப்பிடித்து இறுகிப்போயிருந்தது. மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்து, மரக்கட்டையை வைத்துத் தட்டித் தட்டி இறக்கினோம். அது அசைந்த அன்று நீ கடை வேலையாளைக் கூப்பிட்டு எல்லாருக்கும் பிரியாணி வாங்கி வரச் சொன்னாய். அதுவரைக்கும் நமக்குள் சண்டை இல்லை. வண்டி உருவம் பெற ஆரம்பித்ததும் தொடங்கியது. கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்க வேண்டும் என்பேன் நான். நீ விளக்கை மாற்றினாய், இருக்கையை மாற்றினாய், கண்ணாடியை மாற்றினாய். கேட்டால், "நான் மியூசியம் நடத்தலடா மச்சான், வண்டி ஓட்டுறேன்" என்பாய்.

பிறகு சர்க்கரை வந்து உன் வலது கால் விரல்களைக் கொண்டுபோனது. இங்கிலாந்து வண்டிக்கு கியர் வலது காலில்தான். விரல் இல்லாமல் மிதியைத் தூக்க முடியாது என்று, குதிகாலால் அமுக்குவதற்கு அதில் ஒரு துண்டு இரும்பை வெல்டிங் வைத்து ஒட்டிவிட்டாய். அன்றைக்கு நான் போட்ட கூச்சலில் பக்கத்துக் கடைச் சீனன் வந்து எட்டிப் பார்த்தான். "அந்தக் காலத்து மிதிலா இது! இன்னொண்ணு எங்க கெடைக்கும்?" என்றேன். "இன்னொரு காலு எங்கடா கெடைக்கும்?" என்றாய்.

கியருக்கு வழி கண்டாய். கிக்கருக்கு வழி இல்லை. அதுவும் வலது பக்கம்தான். அதிலிருந்துதான் என் கால் உன் வண்டிக்கு வேலை பார்க்கத் தொடங்கியது.

நீ இடது பக்கம் ஒரு பிளாஸ்டிக் முக்காலியைப் போட்டு உட்காருவாய். கைப்பிடிக்குப் பக்கத்தில் இருக்கும், தீப்பொறி விழுகிற நேரத்தை மாற்றும் அந்தச் சின்ன ஸ்பார்க் லீவரில் இடது கையை வைத்து, நான் பார்க்காதபடி உள்ளங்கையால் மூடிக்கொள்வாய். ஏதோ முணுமுணுப்பாய். "உதை" என்பாய். நான் உதைத்தால் துரை எழுந்துவிடும். அந்த லீவர் கொஞ்சம் இடம் மாறியிருந்தாலும் ஒன்று எழாது, இல்லையென்றால் கிக்கர் திருப்பி அடிக்கும் என்பது வரை எனக்குத் தெரியும். எந்த இடம் என்று எத்தனை தடவை கேட்டிருப்பேன்?

"உனக்கு வேல காலுல. கை என் டிபார்ட்மெண்டு."

"என்னடா பெரிய ரகசியம்?"

"சொன்னாப் புரியாதுலா. வெயிலு, மழ, நேத்து ஓட்டுனமா இல்லையா, எல்லாம் பாக்கணும்."

அப்புறம் என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு தேக்கா மார்க்கெட்டுக்குப் போவாய். அங்கே யாராவது வண்டியைச் சுற்றி வந்து விசாரித்தால் எல்லாக் கதையும் சொல்வாய். உதைத்தது யார் என்பதைத் தவிர.

இன்றைக்குத் திருச்சிக்காரர் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார். மரியாதையான மனிதர். நான் கார்புரேட்டர் பித்தானை அமுக்கி, பெட்ரோல் கையில் வழிகிறவரை காத்திருந்து, லீவரைப் பாதியில் வைத்து உதைத்தேன். ஒன்றுமில்லை. கொஞ்சம் தள்ளி வைத்து உதைத்தேன். இருமியது. கல் மேசையில் உட்கார்ந்திருந்த உன் பக்கத்து வீட்டுக்காரர், "அங்கிள், எம்ஆர்டி ஸ்டேஷன் கிட்டத்துலதான் இருக்கு, நடந்தே போயிரலாம்" என்றார். சிரிக்க நாலு பேர் சேர்ந்துவிட்டார்கள்.

"ஐயா, நான் பாக்கட்டுமா? அப்பாவோட புல்லட்ட உதைச்சுப் பழகினவன்தான்" என்றார் திருச்சிக்காரர். "ஆனா அதுல இந்த லீவர் கிடையாது." அவரும் உதைத்து வியர்த்துப்போனார். குனிந்து கியர் மிதியைப் பார்த்தார். "இது ஒரிஜினல் இல்லையே ஐயா. கழட்டி மாத்திக்கலாம்."

"அது அவன் காலு. அதுல கை வைக்காதீங்க" என்றேன். இத்தனை வருஷம் அந்த மிதிக்காக உன்னோடு மல்லுக்கு நின்றவன் வாயிலிருந்து இது வந்தது.

அடுத்த உதையில் கிக்கர் திருப்பி அடித்தது. காலைப் பிடித்துக்கொண்டு தூணில் சாய்ந்தேன். திருச்சிக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கோப்பிக் கடைக் கண்ணாடிக்குப் பின்னால் துரை நிற்பது என் கண்ணுக்குத் தெரிந்தது. அப்போதுதான் உன்னைத் திட்டத் தொடங்கினேன். மகள் எழுத மாட்டேன் என்ற வார்த்தைகள் எல்லாம் அப்போது சொன்னவை.

மூச்சு வாங்கி நின்றபோது ஜமீலா பின்னால் நின்றுகொண்டிருந்தாள்.

"முடிஞ்சுதாண்ணே?"

"என்ன முடிஞ்சுது?"

"திட்டி."

முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு இடது கையை லீவரில் வைத்தாள். கொஞ்சம் நகர்த்தினாள். "உதைங்கண்ணே" என்றாள். வீங்கிய காலோடு உதைத்தேன். துரை எழுந்துவிட்டது. கார்பார்க் முழுக்க அந்தச் சத்தம். கல் மேசைக்காரர் எழுந்து நின்று கைதட்டினார்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"ஆஸ்பத்திரியில என் வெரலப் புடிச்சு வளைச்சு வளைச்சுக் காட்டுனாரு. வெயில்னா இவ்வளவு, மழன்னா இவ்வளவுன்னு. அவன் வந்து மொதல்ல தானே பாப்பான், வராது, என்னத் திட்டுவான், திட்டி முடிக்கிற வரைக்கும் நீ கீழ போகாதேன்னாரு."

நானும்தான் சாயந்தரமானால் அந்த ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருந்தேன். பந்தாட்டம் பேசினாய், சாப்பாடு சரியில்லை என்றாய், என் லாரியின் பழைய கதையெல்லாம் இழுத்தாய். இதைப் பற்றி ஒரு சொல் வரவில்லையே உன் வாயிலிருந்து!

திருச்சிக்காரர் வண்டியை அணைத்துவிட்டு, "எனக்கும் காட்டுங்கம்மா" என்றார். அவ்வளவுதான். அவர் கேட்டார், அவள் காட்டத் தொடங்கிவிட்டாள். கொஞ்ச நேரத்தில் அவர் தானே லீவரைப் பிடித்து, தானே உதைத்து, தானே எழுப்பினார். முகமெல்லாம் பல்லாக நின்றார். கையும் காலும் உள்ள மனிதருக்குப் பக்கத்தில் இன்னொருவர் எதற்கு? முக்காலி ஓரமாகக் கிடந்தது.

உன் புத்தி எனக்கு அப்போதுதான் எட்டியது. உதைப்பது என்னிடம் வந்துவிட்டது. உனக்கென்று மிஞ்சியிருந்தது அந்தச் சின்ன லீவர் ஒன்றுதான். அதையும் எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தால், நீ வேடிக்கை பார்க்கிற ஆளாகிவிடுவாய். சரி. அதை வாய்விட்டுச் சொல்வதற்கு என்ன கேடு உனக்கு? நான் கேட்பதையாவது நிறுத்தியிருப்பேனே.

வண்டி அவருக்குத்தான் போகிறது. வண்டியைத் தன் பேருக்கு மாற்றிக்கொண்டு வந்து எடுத்துப் போவார். மிதியை மாற்றுவாரோ என்னவோ, இனி அது அவர் இஷ்டம்.

ஒன்றை மட்டும் உன்னிடம் சொல்ல வேண்டும். ஜமீலா அவருக்கு விரலை வளைத்துக் காட்டும்போது, "அண்ணே, நீங்களும் கிட்ட வந்து பாருங்க, ரொம்பச் சுலபம்தான்" என்று கூப்பிட்டாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு தூணில் எழுதியிருந்த எழுத்துகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த எழுத்துகளில் ஒன்றுகூட எனக்கு வாசிக்கத் தெரியாது. அவள் சொல்லி முடிக்கிற வரைக்கும் திரும்பவில்லை.