லம்பா லைனில் உனக்கொரு வீடு

அம்மா,

இன்று காலை எங்கள் வார்டுக்குப் புது ரப்பர் ஷீட்டுகள் வந்தன. கட்டைப் பிரித்ததும் எழுந்த வாசனையில் மஸ்கட் ஆஸ்பத்திரி ஒரு நொடி மறைந்துபோனது. கச்சால் தீவுத் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டிவிட்டு வரும் உன் சேலை மூக்கருகே வந்து நின்றது. கட்டில்களுக்கு ஷீட் விரித்துக்கொண்டே உன்னோடு பேச ஆரம்பித்துவிட்டேன். மீதியை இங்கே எழுதுகிறேன்.

சுனாமி அப்பாவையும் நம் குவார்ட்டர்ஸையும் கொண்டுபோன பிறகு நீ தகரக் கொட்டகை முகாமில் இருந்தாய். பிறகு மாயாபந்தரில், தம்பிக்கு அரசாங்கம் கொடுத்த ஒற்றை அறையில். அவனுக்குப் போர்ட் பிளேருக்கு மாற்றல் வந்தபோதுதான், உனக்கென்று ஒரு வீடு வாங்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. வெளிநாட்டுச் சம்பளத்தைக் காட்டினால் ஊரில் வீட்டுக் கடன் கிடைக்கும் என்று கூட வேலை செய்த மலையாளி அக்கா சொன்னார். ஆனால் எனக்குப் பதிலாகக் கையெழுத்துப் போட ஊரில் ஒருவர் வேண்டுமாம். தூதரகத்தில் முத்திரை வாங்கி, உன் பெயரில் பவர் பத்திரம் எழுதி அனுப்பினேன்.

"எனக்குப் பவரா?" என்று போனில் சிரித்தாய். "தோட்டத்துல கங்காணிக்குத்தான் பவரு இருந்துச்சு."

தம்பி அனுப்பிய போட்டோக்களில் ஒரு வீடு என்னை இழுத்துக்கொண்டது. பெரிய ஜன்னல், ஜன்னல் முழுக்கக் கடல். "ஒனக்குப் புடிச்சா சரி புள்ள," என்றாய். அட்வான்ஸ் கொடுத்தோம்.

பேங்கில் நடந்ததைத் தம்பிதான் சொன்னான். மேனேஜர் காகிதங்களை உன் பக்கம் நகர்த்தினார். நீ பேனாவைத் திறந்தாய், மூடினாய், மேசைமேல் வைத்துவிட்டாய்.

"சாப், உதர் முஜே நீந்த் நஹி ஆயேகா."

அங்கே எனக்குத் தூக்கம் வராது என்று நீ சொன்னதும் அவர் உன்னையே பார்த்தாராம். சுனாமியன்று எங்கே இருந்தீர்கள் என்று கேட்டாராம். "கச்சால்," என்றாய். அவர் காகிதங்களைத் திரும்ப எடுத்து அடுக்கினார். கடன் எங்கேயும் போகாது மாஜி, வேறு வீடு பார்த்துவிட்டு வாருங்கள் என்று இந்தியிலேயே சொல்லி, உனக்கு டீ வரவழைத்தார்.

எனக்கோ ஆத்திரம். "அட்வான்ஸ் குடுத்தாச்சும்மா. முன்னாடியே சொல்லக் கூடாதா?" என்று கத்தினேன்.

நீ மெதுவாகச் சொன்னாய். "நீ போட்டோவுல பாக்குற புள்ள. நா தெனம் ஜன்னலத் தொறந்து பாக்கணும். ஒங்கப்பாவத் திருப்பித் தராத தண்ணி அது."

அட்வான்ஸ் போனால் போகட்டும் என்று தம்பியிடம் சொன்னேன்.

அதன் பிறகு நீயே கிளம்பினாய். ஞாயிற்றுக்கிழமைதோறும் தம்பியோடு ஆட்டோவில் ஏறி வீடு பார்த்தாய். விமான நிலையத்துப் பக்கம் லம்பா லைன் என்ற இடத்தில் ஒன்று இருக்கிறது என்று புரோக்கர் சொன்னதும், "லைனா? சிலோன்ல தோட்டத்து லைன் காம்பராவுல பொறந்தவ, கடைசியிலயும் லைனுக்கா போறேன்?" என்று அவரையும் சிரிக்க வைத்தாயாம். ஆனால் அந்த வீடு இருந்த மேட்டில் ஏறி நின்று நாலு பக்கமும் திரும்பிப் பார்த்தாய். எந்தப் பக்கமும் கடல் தெரியவில்லை. மழைத் தண்ணீர் எந்த வழியாக ஓடும் என்று வீட்டுக்காரரைக் கேட்டாய். சின்ன வீடு, தலைக்கு மேலே விமானச் சத்தம், போட்டோவில் பார்க்க ஒன்றுமே இல்லை. "இதான்டா," என்றாயாம். பேங்க்கிலிருந்து ஆள் வந்து பார்த்து ஒப்புக்கொண்டதும், பேனாவை ஒரே இழுப்பில் ஓட்டிக் கையெழுத்துப் போட்டாய்.

குடிபோன வாரம் போன் செய்தாய்.

"புள்ள, செவுத்துல ஒரு ஆணி அடிச்சுக்கவா? பேங்க்காரங்க ஏதும் சொல்லுவாங்களா?"

"அது உன் செவுரும்மா. எத்தனை வேணா அடி."

அபர்டீன் பஜாரில் ஒரு பாய் கடையில் கொடுத்த காலண்டரை மாட்டினாய். மாட்டிவிட்டு மறுபடியும் போன் செய்தாய், நேராக இருக்கிறது என்று சொல்ல.

சில வருஷங்கள் அங்கே நிம்மதியாகத் தூங்கினாய். சர்க்கரை உன்னைக் கொண்டுபோனதும் அந்த வீட்டிலிருந்துதான். சென்னை வழியாக நான் வந்து சேரும்வரை உன்னைக் கூடத்தில் கிடத்தி வைத்திருந்தார்கள். மேட்டில் ஏறி வந்த பக்கத்து வீட்டுப் பெங்காலி அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "பேட்டி கா கர், பேட்டி கா கர்னு எல்லார்ட்டயும் சொல்வாங்க," என்று அழுதாள். மகள் வீடு, மகள் வீடு என்று நீ சொல்லித் திரிந்ததைக் கேட்டபோதுதான் எனக்கும் அழுகை வந்தது.

தவணை இன்னும் போய்க்கொண்டிருக்கிறது. தம்பிக்கு மறுபடியும் மாற்றல் வந்துவிட்டது. பூட்டிக் கிடக்கிற வீட்டுக்கு எதற்கு மாதாமாதம் கட்டுகிறாய், விற்றுவிடலாமே என்று கேட்கிறான். அவன் கேட்பது நியாயம்தான். ஆனால் யோசித்துப் பார்க்கிறேன். பிறந்த இடத்தைத் தோட்டத்துரை கொடுத்தான். சிலோனிலிருந்து வந்த உன்னைக் கச்சாலுக்குக் கப்பலில் ஏற்றி அனுப்பியது சர்க்கார். முகாமுக்குக் கொண்டுவந்தது தண்ணீர்.

"அது அம்மா பாத்து எடுத்த வூடுடா," என்று மட்டும் சொல்கிறேன். அவன் மேற்கொண்டு கேட்பதில்லை.