எல்லாவற்றையும் அளந்தோம், உன் அப்பாவைத் தவிர

என் அண்ணன் பெற்ற சிங்கக்குட்டிக்கு,

இந்தத் தெருக்கோடி வீட்டின் முடிசூடா மன்னனும், தலைமைச் சமையல்காரனும், மருந்து மாத்திரைத் துறை அமைச்சனும், இந்த ராஜ்யத்தின் ஒரே குடிமகனை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் புரட்டிப் படுக்கவைக்கும் ஊழியனுமாகிய உன் சித்தப்பா எழுதிக்கொள்வது. இங்கே இருவரும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறோம், அதிலும் உன் அப்பா என்னைவிட ஒழுங்காக விடுகிறார். அங்கே நீ வேளைக்குச் சாப்பிட்டு, அந்தக் குளிரில் காதை மூடிக்கொண்டு, சளி இருமல் இல்லாமல் இருக்கிறாய் என்று உன் கையால் எழுதி வந்தால்தான் நம்புவேன். போனில் நீ சொல்லும் நல்லாயிருக்கேன் எல்லாம் நான் சொல்லும் நல்லாயிருக்கோம் மாதிரிதான். அதனால்தான் இந்த முறை காகிதம் எடுத்தேன். உன் குரலைக் கேட்டால் என் வாய் தானாகப் பொய் சொல்ல ஆரம்பித்துவிடுகிறது, காகிதத்தில் கொஞ்சம் வெட்கம் வருகிறது.

முதலில் என் குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். நம் பிக்கப் வண்டியை நாலு அங்குலம் உயர்த்தினால் போதும், அதற்கு மேல் கூடவே கூடாது என்று நீ மூன்று கடிதம் எழுதினாய், நானும் நாலுதாம்மா போட்டோம் என்று மூன்று முறை போனில் சத்தியம் செய்தேன். ஆறு போட்டேன். டயரும் நீ சொன்ன முப்பத்துமூன்று அங்குலம் இல்லை, முப்பத்தைந்து. படித்தவுடன் திட்டாதே, கடைசிவரை படித்துவிட்டுத் திட்டு, இன்னும் சரக்கு இருக்கிறது. உனக்குத் தெரிந்ததையே சொல்கிறேன், எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொள்வதாக வைத்துக்கொள். உன் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து ஏழு மாதம். முதல் வருடத்தில் பயிற்சி கொடுத்தால்தான் கையும் பேச்சும் திரும்பும், அப்புறம் கல்லில் செதுக்கின மாதிரி அப்படியே நின்றுவிடும் என்று டாக்டர் சொன்னதும் உனக்குத் தெரியும். பயிற்சி மையம் ஆற்றுக்கு அந்தக் கரையில். பாலத்தை வெள்ளம் கொண்டுபோய்விட்டது. சுற்றிப்போனால் ஆறு மணி நேரம், அவ்வளவு நேரம் அவரால் உட்கார முடியாது. ஆம்புலன்ஸ்காரர்கள் ஆத்துக்குள்ள எல்லாம் எறங்க மாட்டோம் சார், வேணும்னா ஆறு ரோட்டு மேல ஏறி வந்தா கூப்பிடுங்க என்று சொல்லிவிட்டார்கள். மிச்சம் இருந்தது நம் பிக்கப்தான். அதுவும் பக்கவாதம் வந்த மூன்றாம் மாதம் நடு ஆற்றில் ஒரு பாறைமேல் வயிற்றை வைத்துப் படுத்துவிட்டது. மெக்கானிக் சைலன்ஸர் அந்தப் பாறைக்கு டோல்கேட் என்று பெயர் வைத்திருக்கிறான், எதையாவது பிடுங்கிக்கொள்ளாமல் எந்த வண்டியையும் விடாது. டிராக்டர் வந்து இழுக்கும்வரை ஐந்து மணி நேரம் உன் அப்பா தலையில் ஈரத்துண்டோடு வெயிலில் உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு முடிவு செய்தேன், அடுத்த முறை அந்தப் பாறை நம் வண்டியை அண்ணாந்து பார்த்துக் கும்பிட வேண்டும் என்று.

நீ அனுப்பிய டயர் புத்தகம்தான் மூன்று மாதமாக எங்கள் வீட்டுப் பாராளுமன்றம். உன் அப்பாவிடம் இப்போது இரண்டு சொற்கள்தான் மிச்சம். ஒன்று, போலாம். இன்னொன்று, நாற்பது வருடம் டேங்கர் ஓட்டியபோது எதிரே வந்தவர்களுக்கு வழங்கிய சொல், அதை எழுதினால் தபால்காரர் இந்த உறையைக் கையால் தொடமாட்டார். இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு அவர் நடத்திய விவாதம் இருக்கிறதே, வக்கீல்கள் வரிசையில் நின்று கற்றுக்கொள்ள வேண்டும். தார்ரோட்டு டயர் பக்கத்தைத் திருப்பினால் கெட்ட வார்த்தை. பாதி ரோடு பாதி மண் என்று இருக்கும் டயரைக் காட்டினால் உதட்டைப் பிதுக்குவார். கை முஷ்டி அளவுக்குப் பட்டன் வைத்த சேற்று டயரைக் காட்டினால் இடது கையால் தட்டித் தட்டி, போலாம் போலாம். சைலன்ஸர் தலையில் அடித்துக்கொண்டான். பேர்தான் சைலன்ஸர், வாயை அணைக்கும் சுவிட்ச் அவனுக்கு வைக்கவே இல்லை. பெருசு, டயரைப் பெருசாக்குனா மட்கார்டுல உரசும், உரசாம இருக்க வண்டியத் தூக்கணும், தூக்குனா ஷாக்க மாத்தணும், ஸ்பிரிங் பட்டைய மாத்தணும், பிரேக் பத்தாது, ஸ்டெப்னி அடியில நொழையாது, ஒரு பொய் சொன்னவன் கதைதான் என்றான். என்னைப் பார்த்துதான் சொன்னான் என்று நினைக்கிறேன். ஆறு அங்குலம் என்று நான் சொன்னபோது, தங்கச்சி நாலுன்னுதானே எழுதிச்சு என்று கேட்டான். தங்கச்சி அங்க இருக்கு, பாறை இங்க இருக்கு என்றேன்.

அளக்காமல் செய்தோம் என்று நினைக்காதே. டோல்கேட்டைத் துடைப்பக்கட்டையில் கோடு போட்டு அளந்தோம். மட்கார்டு இடைவெளி, ஸ்டீயரிங் முழுசாகத் திரும்பினால் டயர் எங்கே வருகிறது, ஆற்று மணலில் கால் எவ்வளவு புதைகிறது, எல்லாம் அளந்தோம். வேலை முடிந்து வண்டி வாசலில் வந்து நின்றபோது அது வண்டி இல்லை, மாடிவீடு. மேலே ஏறினால் பக்கத்து ஊரின் வானிலை தெரிந்தது. அதற்கு அடுத்த நாள் காலை உன் அப்பாவுக்கு முகச்சவரம் செய்து, வெள்ளைச் சட்டை மாட்டி, சக்கர நாற்காலியைக் கதவோரம் கொண்டுபோய் நிறுத்தியபோதுதான், நாங்கள் அளக்காமல் விட்ட ஒரே ஒரு பொருள் அவர்தான் என்று தெரிந்தது. நாற்காலி இருக்கை என் முழங்கால் உயரம். வண்டி இருக்கை என் வயிற்று உயரம். முன்பெல்லாம் கட்டிப்பிடித்து ஒரு தம் பிடித்தால் ஏற்றிவிடுவேன். வண்டிக்கு நான் கொடுத்த ஒவ்வொரு அங்குலத்தையும் என் இடுப்பிடமிருந்துதான் பிடுங்கியிருக்கிறேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். எனக்கு ரோஷம். தூக்கினேன். நெஞ்சுவரை இருக்கையில் சாய்த்துவிட்டேன், இடுப்பும் கால்களும் என் தோளில். அதற்கு மேல் ஏறவில்லை. கீழே இறக்கலாம் என்றால், நாற்காலி உருண்டு இரண்டு அடி தள்ளிப் போய்விட்டது, விட்டால் தலைகுப்புற விழுவார். போன் வண்டியின் டேஷ்போர்டில். நாற்பது நிமிடம் அப்படியே நின்றோம் மகளே, கதவுக்குள் பாதி அண்ணன், வெளியே பாதி அண்ணன், அடியில் நான். முதல் பத்து நிமிடம் இருவரும் சிரித்தோம், அவர் முதுகு குலுங்குவது எனக்குத் தோளில் தெரிந்தது. அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. கை மரத்துப்போனது. என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது, சாவி அதிலேயே இருந்தது. அப்போது எனக்கு ஒரு எண்ணம் வந்தது, மறைக்காமல் எழுதுகிறேன். இவரை எப்படியாவது தரையில் கிடத்திவிட்டு, இந்த வண்டியில் நான் மட்டும் ஏறி, எங்கேயாவது, பெட்ரோல் தீரும்வரை போய்விட்டால் என்ன என்று. ஒரு நொடிதான் என்று எழுத ஆசை. ஒரு நொடி இல்லை, கொஞ்ச நேரம் இருந்தது. நல்லவேளையாகத் தண்ணீர் மீட்டர் கணக்கெடுக்கும் அம்மாள் வந்தார். வாசலில் நின்று ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, என்னங்க பெரியவரே, ஆளக் கடத்துறீங்களா என்று கேட்டார். ஆமாம்மா, கடத்தவே முடியல, ஒரு கை குடுங்க என்றேன். இருவர் சேர்ந்தும் மேலே ஏறவில்லை, கீழேதான் இறக்க முடிந்தது.

அதற்குப் பிறகு இரண்டு நாள் உன் அப்பா சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டார். நான் எந்தப் பக்கம் புரட்டினாலும் முகம் மட்டும் சுவருக்கே போனது. சாப்பாட்டை வாயிலேயே வைத்திருந்து துப்பினார். டயர் புத்தகத்தை மடியில் வைத்தால் தள்ளிவிட்டார். மூன்றாம் நாள் திடீரென்று தரையைக் காட்டினார். பெட்பேன் கொண்டுபோனேன், அந்தக் கெட்ட வார்த்தை. செருப்பைக் காட்டினேன், மறுபடியும் அதே வார்த்தை, இன்னும் அழுத்தமாக. பிறகு அவராகவே மேசையிலிருந்த அளவு டேப்பை இழுத்து, ஒரு முனையைக் கட்டில் விளிம்பில் அழுத்திப் பிடித்துக்கொண்டு மறுமுனையைத் தரைக்குத் தொங்கவிட்டார். ஜன்னல் வழியே வண்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஆளை மேலே தூக்க முடியாவிட்டால் வண்டியைக் கீழே இறக்கு என்கிறார். டேங்கரில் மேலிருந்து நிரப்பும் இடத்தில் வண்டியைப் பள்ளத்தில் இறக்கி நிறுத்துவார்களாம், எப்போதோ சொல்லியிருக்கிறார், நான்தான் காதில் வாங்கவில்லை. வாய் போனவர் என்று நாம் நினைக்கிறோம், மூளை அப்படியே டாப் கியரில் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஒன்பது நாள் தோண்டினேன். இருபது அங்குல ஆழம், வண்டி அகலம், இரண்டு பக்கமும் சரிவு. அவரைப் புரட்டிவிட்டு வந்து தோண்டுவேன், தோண்டிவிட்டுப் போய்ப் புரட்டுவேன், கடைசி நாட்களில் எது மண், எது அண்ணன் என்றே குழப்பம். உன் அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்து கண்ணாடியைத் தட்டித் தட்டி மேஸ்திரி வேலை பார்த்தார். மருந்துக்கடைக்கார அம்மாள் எட்டிப் பார்த்து, இவ்ளோ பெரிய குழி யாருக்கு என்று கேட்டார், வண்டிக்குத்தான், இன்னும் சாகல என்றேன். உண்மையைச் சொன்னால் பாதிக்கு மேல் சைலன்ஸர்தான் வெட்டினான், பேசிக்கொண்டே வெட்டினான், அவன் பேச்சுக்குப் பயந்து மண் தானாகவே ஒதுங்கியது. வண்டியை உள்ளே இறக்கியபோது இருக்கை நாற்காலிக்கு நேராக வந்து நின்றது. நடுவில் ஒரு பலகை. உன் அப்பா பலகைமேல் வழுக்கிக்கொண்டு போய் உள்ளே உட்கார்ந்துவிட்டார், என் இடுப்புக்குச் செய்தியே போகவில்லை. சரிவில் ஏறி வெளியே வர அந்த ராட்சச டயர்தான் உதவியது, அந்த மட்டில் என் பொய்க்கும் ஒரு பலன்.

இன்று போனோம். ஆற்று மணலில் இறங்குமுன் டயர்க் காற்றைப் பதினெட்டு பவுண்டுக்கு இறக்கினேன், மணலில் டயர் பாதம் மாதிரி அகலமாகப் படிந்தது. டோல்கேட் வந்தபோது உன் அப்பா கண்ணை மூடி, அடியில் உரசும் சத்தத்துக்காகக் காதைக் கொடுத்தார். சத்தமே இல்லை. மையத்தில் இரண்டு ஆட்கள் வந்து தூக்கி இறக்கினார்கள், திரும்பும்போது அவர்களே ஏற்றியும் விட்டார்கள். பயிற்சி கொடுக்கும் பெண் ஒல்லியாக, கறாராக இருக்கிறாள். இவ்ளோ நாள் எங்க இருந்தீங்க என்று கோபித்தாள், ஆத்துக்கு அந்தப் பக்கம் என்றேன். வலது கையில் துணி மாட்டும் கிளிப்பைக் கொடுத்து அழுத்தச் சொன்னாள். கட்டைவிரல் அசைந்தது. அசைந்ததா, நான் மேசையை இடித்தேனா என்று எனக்கு இன்னும் சந்தேகம், அவள் அசைந்தது என்றுதான் எழுதிக்கொண்டாள். வாரம் இரண்டு முறை வர வேண்டும், அஞ்சு மாசம் விடவே கூடாது என்றாள்.

திரும்பி வந்து வண்டியைப் பள்ளத்தில் இறக்கி, நாற்காலியைக் கொண்டுவந்து, பலகையைப் போட்டு, கதவைத் திறந்தேன். உன் அப்பா கதவுக்கு மேலே இருக்கும் கைப்பிடியை இடது கையால் பிடித்துக்கொண்டார். வாங்கண்ணே, எறங்கலாம் என்றேன். பிடி இறுகியது. புரட்டணும்ல, முதுகு புண்ணாயிடும்ல என்று கெஞ்சினேன், மாத்திரை நேரம் என்று மிரட்டினேன். வீட்டு வாசலைப் பார்த்தார், முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்த வாசலுக்குள் போனால் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். ஒரு கட்டில், ஒரு சுவர், ஒரு கடிகாரம், நான். எனக்கும் அதேதான் இருக்கிறது, என் பக்கம் ஒரு கட்டில் குறைவு, அவ்வளவுதான். அதனால் முதுகுக்கு ஒரு தலையணை கொடுத்துவிட்டு, நானும் அந்தப் பக்கம் சுற்றிப்போய் ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தேன். ஸ்டீயரிங்மேல் காகிதத்தை வைத்துத்தான் இதை எழுதுகிறேன், எழுத்து வளைந்திருந்தால் அதுதான் காரணம். சாயங்கால வெயில் கண்ணாடியில் அடிக்கிறது. மீட்டர் கணக்கெடுக்கும் அம்மாள் போகும்போது கையாட்டினார், உன் அப்பா பதிலுக்குத் தலையாட்டினார். ஒரு மணி நேரமாகப் பள்ளத்துக்குள் நிற்கிற வண்டியில் உட்கார்ந்திருக்கிறோம், ஏழு மாதத்தில் நாங்கள் இவ்வளவு தூரம் போனதில்லை.

நீ எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்துவிடவா என்று கேட்டிருந்தாய். வேண்டாம். வேலை ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு ஓடி வராதே, உன் அப்பா அந்த இரண்டாவது சொல்லால்தான் உன்னை வரவேற்பார். ஆனால் லீவு என்று ஒன்று அங்கே உண்டென்றால், பதினைந்து நாள் வா. அப்பாவைப் பார்க்க என்று சொல்லிக்கொண்டு வர வேண்டாம். அவருக்கு நான் இருக்கிறேன். எனக்குத்தான் ஆள் இல்லை. இதை எழுதத்தான் இத்தனை டயரையும் ஸ்பிரிங்கையும் சுற்றி வந்தேன்.

நீ போகும் பாதையெல்லாம் மணல் இறுகி, பாறை ஒதுங்கி, எதிரே வருகிற வண்டி எல்லாம் விளக்கைத் தாழ்த்தி வழிவிடட்டும். நீண்ட ஆயுளும் நல்ல தூக்கமும் உனக்கு உண்டாகட்டும், உன் அப்பாவும் தன் இடது கையை உன் தலைமேல் வைத்ததாக எண்ணிக்கொள். மறக்காமல் ஒன்று செய், அடுத்த பார்சலில் வண்டி பேட்டரியில் ஓடும் காற்றடிக்கும் பம்ப் ஒன்று அனுப்பு. இன்று கரையேறியதும் நாலு டயருக்கும் காலால் மிதித்துக் காற்றடித்தேன், அந்த டயர் ஒவ்வொன்றிலும் ஒரு கூட்டுக்குடும்பம் குடியிருக்கலாம்.

இப்படிக்கு,
கைப்பிடியை இன்னும் விடாத உன் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து,
உன் சித்தப்பா