மோதிரத்தில் ஓடும் துடிப்பு

மார்ச் 3

அன்புள்ள குட்டி,

போன் செய்தால் "சரிண்ணா, வைக்கிறேண்ணா" தவிர உன் வாயில் வேறு வார்த்தை வருவதில்லை. அதனால்தான் இந்தக் கடிதமும் பார்சலும், உன் கண்ணாடிக் கடை முகவரிக்கு. கடையில் மயங்கி விழுந்தாயாமே? அதைக்கூட உன் முதலாளியம்மா சொல்லித்தான் எனக்குத் தெரிய வேண்டுமா?

பார்சலில் ஒரு ஸ்மார்ட் மோதிரம், ஒரு கைப்பட்டை. இரண்டுமே இதயத் துடிப்பையும் தூக்கத்தையும் கணக்கெடுக்கும். பட்டையில் திரை கிடையாது. பார்க்க வெறும் ரப்பர் வளையம்தான். மோதிரம் தூக்கத்தில் உறுத்தாது. பட்டையை நினைத்தபோது கழற்றலாம். செருப்பு வாங்கவே நாள் முழுக்க யோசிப்பவள் நீ. பிடித்ததை வைத்துக்கொண்டு மற்றதைத் திருப்பி அனுப்பு. உன் போனில் இணைத்துவிடு. கணக்கு என் பெயரில் இருக்கிறது, இங்கிருந்தே நானும் பார்த்துக்கொள்வேன்.

உன் அண்ணன்

மார்ச் 11

அன்புள்ள அண்ணா,

எனக்குப் பட்டைதான் பிடித்திருந்தது. அவர் "பொண்டாட்டிக்கு மோதிரம்தான் அழகு, கழட்டவே கூடாது" என்று விரலில் மாட்டிவிட்டார். பட்டையைத் தானே கட்டிக்கொண்டார், அதுவும் என் போனில்தான் இணைந்திருக்கிறது. திருப்பி அனுப்ப முடியவில்லை, திட்டாதே. நீ பார்ப்பது அவருக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். நான் போன் பேசும்போது பக்கத்திலேயே நிற்பார். அதனால்தான் "வைக்கிறேண்ணா".

மயக்கம் வேலைக் களைப்பு, வேறொன்றுமில்லை. உனக்கு ராத்திரிச் சாப்பாடு இன்னும் பிஸ்கட்தானா?

குட்டி

மார்ச் 24

குட்டி,

சுற்றி வளைக்கப் போவதில்லை. தினமும் அவர் வேலை விட்டு வரும் நேரத்தில் உன் துடிப்பு எகிறுகிறது. படிக்கட்டு ஏறியிருப்பாய், பாத்திரம் தேய்த்திருப்பாய் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிப் பார்த்தேன். நேற்று அவருடைய பட்டைக் கணக்கையும் திறந்து பார்த்தேன். அதே நேரத்தில் அவர் துடிப்பு துளியும் மாறவில்லை. பேப்பர் படிக்கிற மனுஷன்போல நிதானமாக இருந்திருக்கிறார். கோபக்காரர் என்றால்கூட எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது.

அடிக்கிறாரா? ஆமாம் என்று ஒரு வார்த்தை எழுது. வந்து கூட்டிக்கொண்டு போகிறேன்.

அண்ணன்

ஏப்ரல் 2

மரியாதைக்குரிய அண்ணனுக்கு,

நான் நலமாக இருக்கிறேன். கடை வேலையை விட்டுவிட்டேன். இனி வீட்டு முகவரிக்கே எழுதவும். மோதிரம் என் விரலில்தான் இருக்கிறது. என் துடிப்பு அமைதியாக இருப்பதைத் தாங்களே பார்த்துக்கொள்ளலாம். நேரில் வர வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் தங்கை

ஏப்ரல் 5

குட்டி,

கையெழுத்து உன்னுடையதுதான். கடிதம் உன்னுடையது இல்லை. என்னைக் கழுதை என்றுகூடக் கூப்பிட்டிருக்கிறாய், ஒருநாளும் மரியாதை தந்ததில்லை.

இதை ரயிலில் உட்கார்ந்து எழுதுகிறேன். உங்கள் பகுதிப் போலீசுக்குப் போன் செய்துவிட்டேன், என்னோடு வீட்டுக்கு வருகிறார்கள். கதவு திறக்காவிட்டால் இதை அடியில் தள்ளிவிடுவேன். நீ பிரித்தால், எதையும் எடுத்துக்கொள்ளாதே, அப்படியே வெளியே வா.

மாப்பிள்ளை, நீங்கள் பிரித்தால் இது உங்களுக்கு. நாலு நாளாக மோதிரத்தின் துடிப்பு அமைதியாகத்தான் இருக்கிறது. நான் பட்டையையும் பார்ப்பதை அவள் உங்களிடம் சொல்லவில்லை போலிருக்கிறது, அதிலும் அதே துடிப்பு. ஒன்று ஏறினால் மற்றதும் ஏறுகிறது. ஒன்று தூங்கினால் மற்றதும் தூங்குகிறது. அவள் மோதிரத்தைச் சுண்டுவிரலில் மாட்டிக்கொண்டீர்களா? இரண்டிலும் ஓடுவது நீங்கள்தான்.

என் தங்கையின் துடிப்பு எங்கே?

அவள் அண்ணன்