வட்டமாக ஒப்பமிட்ட மனு

இன்று காலை, தபாற்கந்தோர் வேலைக்கு மனுப் போடும் ஒருவர் தம் பழைய சான்றிதழின் பிரதிக்கு என் ஒப்பம் வாங்க வந்தார். நீரும் நானும் படிப்பித்த பள்ளிக்கூடத்துச் சான்றிதழ். சுருளை விரித்தால் உம்முடைய எழுத்து. ழகரத்தின் வாலை உள்ளே சுருட்டிவிடும் அதே அழகு. ஒப்பம் வைக்க எனக்கு வெகுநேரம் பிடித்தது. கிழவனுக்குக் கண் மங்கிவிட்டது என்று வந்தவர் நினைத்திருப்பார்.

நாலு ஆசிரியர்களை வேலையிலிருந்து நிறுத்தப்போகிறார்கள் என்று செய்தி வந்த வருடம் ஞாபகம் இருக்கிறதா? சுருட்டு வியாபாரம் படுத்து, பிள்ளைகள் படிப்பை விட்டு நின்ற வருடம். பட்டியலில் என் பெயர் இருந்தது, உம்முடையது இல்லை. ஆனாலும் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் முதலில் எழும்பியவர் நீர்தான்.

"நாலு பேரின்ரை அடுப்பு அணையிறதிலும் பார்க்க, எல்லாரும் சம்பளத்திலை கொஞ்சம் விட்டுக்குடுப்பம்."

மனு எழுதத் தீர்மானித்தோம். முதலில் ஒப்பமிட்டவரைத்தான் பள்ளிக்கூட முகாமையாளர் பிடிப்பார் என்று எல்லோருக்கும் பயம். அதனால் பெயர்களை வட்டமாக எழுதினோம். யார் முதல், யார் கடைசி என்று கடவுளாலும் சொல்ல முடியாதாம். பெரிய கெட்டிக்காரர்கள் நாங்கள்!

"மாஸ்டர், உம்மடை கையாலை எழுதும் காணும். பார்த்தாலே மனம் இளகும்," என்று உம்மை நெருக்கியவன் நான்.

"ஓம், வாசிக்கிறவருக்கும் ஒரு மரியாதை வேணும்தானே," என்று பேனைமுள்ளைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தீர்.

வருடாவருடம் முகாமையாளர் ஒப்பமிடும் சான்றிதழ் எல்லாம் எழுதிய கை அது. அத்தனை ஆசிரியர்கள் கூடியிருந்தும் ஒருவருக்கும் அது உறைக்கவில்லை. முகாமையாளர் வட்டத்தைப் பார்க்கவே இல்லை. முதல் வரியைக் கண்டதும் உம்மைக் கூப்பிட்டார்.

"ஆர் உம்மை எழுதச் சொன்னது?"

"ஒருத்தரும் இல்லை. நான்தான்."

விறாந்தையில் நின்ற எனக்கு அது கேட்டது. உள்ளே போக நாலு அடிதான். நான் போகவில்லை.

பட்டியலில் இருந்த நாலு பேரும் தப்பினோம். உம்மை நிறுத்தினார்கள்.

சங்கம் மறுபடி கூடியது. உமக்காக ஒரு மனு எழுதவேண்டும் என்று எல்லோரும் சொன்னார்கள். மேசையில் தாளும் மையும் இருந்தன. பேனையை ஒருவரும் தொடவில்லை. எனக்கு மூன்று பிள்ளைகள் என்று நினைத்துக்கொண்டேன். உமக்கும் மூன்று பிள்ளைகள்தான்.

பிறகு ஒருநாள் சண்டிலிப்பாய்ப் புகையிலைத் தோட்டத்தில் உம்மைக் கண்டேன். தண்ணீர் இறைக்கும் துலாக்கயிறு பிடித்து உள்ளங்கை காய்த்திருந்தது. "உம்மடை வகுப்புப் பிள்ளையள் எப்பிடிப் படிக்கினம்?" என்றுதான் கேட்டீர். திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாய் இருந்திருக்கும். போன மாசியில் நீர் கண்ணை மூடியபோது சுடலைவரை வந்தேன். உம் மனைவியின் முகத்தைப் பார்க்காமலே திரும்பிவிட்டேன்.

உமக்குப் பின் சான்றிதழ் எழுதும் வேலையை எனக்குத்தான் தந்தார்கள். நீர் எழுதியவற்றைப் பக்கத்தில் வைத்துப் பழகினேன். அந்த ழகரமும் ஒருவாறு கைக்கு வந்தது. இத்தனை வருடமும் உம் எழுத்தை எழுதித்தான் என் பிள்ளைகளுக்குச் சோறு போட்டேன். இந்தக் கடிதத்தை மட்டும் என் சொந்தக் கோணல் எழுத்தில் எழுதுகிறேன். அன்று மேசையில் எழுதாமல் விட்ட மனு இது. யார் கையில் கிடைத்தாலும், எழுதியவன் நான்தான் என்று அடையாளம் கண்டுகொள்ளட்டும்.